கழிப்பறையில் பயமாக இருக்கிறதா? சிகாகோ பள்ளிகள் கேட்ட கேள்விகளும் அவற்றின் பலனும்

சிகாகோ மாநகரப் பள்ளிப் பிள்ளைகள் கையில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கேள்வித்தாள் கிடைக்கும். அதற்கு மார்க் இல்லை, சரி தவறும் இல்லை. அதில் ஒரு பகுதி இப்படிப் போகிறது: வகுப்பறையில் நீ எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறாய்? நடைவழியில்? கழிப்பறையில்? பள்ளிக்கு வெளியே, அக்கம்பக்கத்தில்? வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே வரும் வழியில்? ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். ‘பாதுகாப்பே இல்லை’ என்பதில் தொடங்கி ‘மிகவும் பாதுகாப்பு’ வரை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல்முறை இதைப் படித்தபோது கழிப்பறை என்ற சொல்லிலேயே என் கண் நின்றுவிட்டது. பல வருடமாக அரசுப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள், கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அங்கே போகப் பிள்ளைக்குப் பயமா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை. குழாயும் தாழ்ப்பாளும் கண்ணுக்குத் தெரிபவை. பயம் அப்படியில்லை, அதைப் பிள்ளையிடம் கேட்டால்தான் உண்டு.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது, அதற்குக் கிடைத்த பதில்களை வைத்து சிகாகோவில் என்ன செய்தார்கள், எங்கே கோட்டை விட்டார்கள் என்று தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

வேலைநிறுத்தத்தில் தொடங்கிய கதை

1987 செப்டம்பரில் சிகாகோ ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 19 பள்ளி நாள்கள் கதவு திறக்கவில்லை. வேலைக்குப் போக வேண்டிய பெற்றோர் பிள்ளைகளை எங்கே விடுவது என்று தெரியாமல் தவித்தார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் மேலும் கோபம், கல்வி வாரியத்தின் மேலும் கோபம். அந்த நவம்பரில் நாட்டின் கல்விச் செயலர் வில்லியம் பென்னட் சிகாகோவுக்கே வந்து, அமெரிக்காவிலேயே மோசமான பள்ளிகள் இங்கேதான் இருக்கின்றன என்ற பொருளில் பேசிவிட்டுப் போனார். நகரின் முதல் கறுப்பின மேயரான ஹரால்டு வாஷிங்டன் பெற்றோரையும் ஊர் அமைப்புகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசத் தொடங்கியிருந்தார். அதே மாதம் அவர் திடீரென இறந்துபோனார். கிளம்பிய பெற்றோர் மட்டும் ஓயவில்லை. 1988 டிசம்பரில் இல்லினாய் மாநில ஆளுநர் ஜேம்ஸ் தாம்சன் சிகாகோ பள்ளிச் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் உள்ளூர்ப் பள்ளிக் குழுவைக் கொடுத்தது. பெற்றோர் 6 பேர், ஊர்க்காரர்கள் 2 பேர், ஆசிரியர்கள் 2 பேர், அவர்களோடு தலைமை ஆசிரியர். உயர்நிலைப் பள்ளி என்றால் ஒரு மாணவரும் உண்டு. தலைமை ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது, நான்கு ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது, பள்ளியின் முன்னேற்றத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது எல்லாம் இந்தக் குழுவின் கையில். 1989 அக்டோபரில் நடந்த முதல் தேர்தலில் 17,000-க்கும் மேற்பட்டோர் போட்டியிட்டார்கள்.

நம் ஊர் எஸ்.எம்.சி.யை நினைக்காமல் இதைப் படிக்க முடியாது. 2009 கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும் அந்தக் குழுதான். காகிதத்தில் இரண்டும் பங்காளிகள் மாதிரி இருக்கின்றன. அதிகாரத்தில்தான் வித்தியாசம். நம் குழுவில் இருக்கும் ஓர் அம்மாவால் எச்.எம்.மை மாற்ற முடியாது. அப்படி முடிய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதிகாரம் இல்லாதவரிடம் கருத்துக் கேட்டால் அவர் மனதில் இருப்பதைச் சொல்வது அரிது என்பது மட்டும் எனக்குக் கூட்டத்துக்குக் கூட்டம் தெரிகிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு டீச்சர்’ என்பார்கள்.

மார்க் வருவதற்கு முன்பே வந்த பதில்

அதிகாரம் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1990-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வுக் கூட்டமைப்பு உருவானது. அது 1991-இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டது, 1992-இல் தலைமை ஆசிரியர்களிடம் கேட்டது, 1994-இல் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது.

கேள்விகளைப் பாருங்கள். ‘பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா’ என்கிற வகையறா இல்லை. இந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் நம்புகிறார்களா? தலைமை ஆசிரியர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்று நினைக்கிறீர்களா? உங்கள் கவலையை, சலிப்பை அவரிடம் மனம்விட்டுப் பேச முடியுமா? மாணவர்களிடம்: ஆசிரியர் ஒன்றைச் செய்யாதே என்றால் அதற்கு நல்ல காரணம் இருக்கும் என்று நம்புகிறாயா? உன்னை மரியாதையாக நடத்துகிறார்களா? ஸ்டாஃப் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற விஷயங்களை, பெயர் வெளியே வராது என்ற உறுதியோடு, நகரம் முழுவதும் கேட்டார்கள்.

பிறகு ஆந்தனி பிரைக் தலைமையில் ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட 400 தொடக்கப் பள்ளிகளின் 1990 முதல் 1996 வரையிலான தேர்வு முன்னேற்றத்தை எடுத்து, இந்தப் பதில்களோடு பொருத்திப் பார்த்தார்கள். வேலை மெதுவாக நடந்தது, முழு முடிவு 2010-இல்தான் நூலாக வந்தது. ஐந்து விஷயங்கள் தேறின: வழிநடத்தத் தெரிந்த தலைமை, சேர்ந்து வேலை செய்யும் ஆசிரியர்கள், பள்ளியோடு நெருங்கிய குடும்பங்கள், மாணவருக்குத் துணை நிற்கும் சூழல், பிள்ளையை யோசிக்கவைக்கும் பாடம். இவற்றில் பெரும்பாலானவற்றில் வலுவாக இருந்த பள்ளிகள், பெரும்பாலானவற்றில் பலவீனமாக இருந்த பள்ளிகளைவிட வாசிப்பிலும் கணக்கிலும் நல்ல முன்னேற்றம் காணும் வாய்ப்பு 10 மடங்கு அதிகம். ஒரே ஒரு விஷயத்தில் நெடுநாள் பலவீனம் இருந்தாலும் முன்னேற்றம் ஏறக்குறைய நின்றுபோனது. கட்டிலுக்கு ஒரு கால் ஆடினால் மற்ற மூன்றும் உறுதியாக இருந்து என்ன பயன், அது மாதிரி.

பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும் இதற்கு முன்பே, 2002-இல், நம்பிக்கையை மட்டும் தனியே எடுத்துப் பார்த்திருந்தார்கள். 1994-இல் ஆசிரியர்கள் தங்களுக்குள்ளும் தலைமை மீதும் பெற்றோர் மீதும் நம்பிக்கை அதிகம் என்று சொன்ன பள்ளிகளில் இரண்டுக்கு ஒன்று முன்னேறும் வரிசைக்கு வந்தது. நம்பிக்கை குறைவு என்று சொன்ன பள்ளிகளில் ஏழுக்கு ஒன்றுதான் வந்தது. அந்த ஒன்றும் பெரும்பாலும் பின்னாளில் நம்பிக்கையைச் சரிசெய்துகொண்ட பள்ளி. 1994-இலும் நம்பிக்கை இல்லை, 1997-இலும் இல்லை என்றால், முன்னேற வழியே இல்லை என்று சொல்லிவிடலாம்.

என்னை அசைத்தது கால வரிசைதான். ஆசிரியர்கள் பதில் சொன்னது முதலில், தேர்வு முன்னேற்றத்தின் முழுக் கணக்கு தெரிந்தது பிறகு. பள்ளி எந்தப் பக்கம் போகிறது என்று உள்ளே இருப்பவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. நாம் ரிசல்ட் வந்த பிறகு ஆய்வுக் கூட்டம் போட்டுக் காரணம் கேட்கிறோம்.

2010-இல் வந்த அந்த நூலில் இரண்டு மைல் இடைவெளியில் இரண்டு பள்ளிகள் வருகின்றன. ஆய்வாளர்கள் வைத்த புனைபெயர்கள் ஹான்காக், அலெக்சாண்டர். இரண்டுமே ஏழைக் குடும்பப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள், தொடக்கத்தில் இரண்டுமே நகரத்தின் கடைசி வரிசையில் இருந்தவை. சட்டம் ஒன்று, காலம் ஒன்று. ஆறு ஆண்டுகளில் ஹான்காக் எழுந்தது, அலெக்சாண்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. பிள்ளைகளின் வறுமையை மட்டும் காரணம் காட்டினால் இந்த இரண்டுக்கும் விளக்கம் கிடைக்காது.

ஆனால் இதை ‘மனம் இருந்தால் மார்க்கம் உண்டு’ என்று படிப்பதும் தவறு, ஆய்வாளர்களே அதைச் சொல்கிறார்கள். மிகக் கடுமையான வறுமையும் ஒதுக்கலும் சூழ்ந்த கறுப்பினக் குடியிருப்புகளின் பள்ளிகளில் முன்னேற்றம் மிகக் குறைவாகவே இருந்தது. குற்றம் அதிகம், ஊர் அமைப்புகள் இல்லை, கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு அதிகம். அங்கே அந்த ஐந்தும் உருவாவதே பெரும்பாடு.

வெளியே இருக்கும் ஆபத்தும் உள்ளே இருக்கும் உறவும்

2011-இல் அதே கூட்டமைப்பு பாதுகாப்புக் கேள்விகளைத் தனியாக எடுத்து ஆராய்ந்தது. பிள்ளைகள் வகுப்பறையில்தான் அதிகப் பாதுகாப்பாக உணர்ந்தார்கள். நடைவழி, கழிப்பறை, பள்ளியின் சுற்றுப்புறம் என்று பெரியவர்கள் கண் விலக விலகப் பயம் கூடியது. குற்றம் மிகுந்த பகுதியில் இருக்கும் பள்ளியில் பயம் அதிகம் என்பது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இன்னொன்று. ஆசிரியர், மாணவர், பெற்றோர் உறவு நன்றாக இருந்தால், குற்றம் மிகுந்த பகுதியின் பள்ளிகூட, அமைதியான பகுதியில் உறவு கெட்டுப்போன பள்ளி அளவுக்குப் பாதுகாப்பாக இருந்தது. அதிகம் சஸ்பெண்ட் செய்த பள்ளிகள் கூடுதல் பாதுகாப்போடு இருந்ததாகவும் தெரியவில்லை.

அடுத்த ஆண்டே, 2012-இல், சிகாகோ பள்ளி நிர்வாகம் நடத்தை விதிகளைத் திருத்தியது. சில தவறுகளுக்குத் தானாகவே விழுந்த 10 நாள் சஸ்பென்ஷன் நீக்கப்பட்டது. ஒரே ஓர் அறிக்கையால் விதி மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன், மாணவர் அமைப்புகளும் பெற்றோரும் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த விஷயம் அது. அவர்கள் வாயால் சொன்னதற்குப் பிள்ளைகளின் பதில்கள் எண்ணாக வந்து துணை நின்றன. அந்த அளவுக்கு உறுதி.

மதிப்பெண்ணாக மாறிய கருத்து

2011 முதல் இந்தக் கருத்துக்கணிப்பு ஆண்டுதோறும் நடக்கத் தொடங்கியது. 2013-இல் இல்லினாய் மாநிலம் முழுவதற்கும் பரவியது. ஒவ்வொரு பள்ளிக்கும் 1 முதல் 99 வரை ஒரு புள்ளி, அந்த ஐந்து விஷயங்களிலும் வலுவா பலவீனமா என்ற நிலை. பாதிப் பேராவது பதில் சொல்லாவிட்டால் அறிக்கையே கிடையாது. தனி ஆளின் பதில் பள்ளிக்குப் போகாது.

இதில் எனக்கு ஒரு பெரிய குறை தெரிகிறது. ‘பள்ளியோடு நெருங்கிய குடும்பங்கள்’ என்ற விஷயத்துக்கான புள்ளி, பெரும்பாலும் ஆசிரியர்களின் பதிலிலிருந்து வருகிறது! பெற்றோர் ஆசிரியர்களை மதிக்கிறார்களா, கூட்டத்துக்கு வருகிறார்களா என்று ஆசிரியர் சொல்வதுதான் கணக்கில் ஏறுகிறது. பெற்றோருக்கென்று தனிக் கேள்வித்தாள் இருக்கிறது, ஆனால் அது அந்தப் புள்ளியில் சேராது. பெற்றோர் எல்லோரிடமிருந்தும் பதில் வாங்குவது எவ்வளவு கடினம் என்று எனக்கும் தெரியும். இரண்டு ஷிஃப்ட் வேலை, வேற்றுமொழி, எழுதப் படிக்கத் தயக்கம். அதற்காக மாமியாரைக் கேட்டு மருமகளின் மனதை எழுதிவைக்க முடியுமா? குடும்பம் பள்ளியைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதைக் குடும்பம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது இன்னும் சிக்கல். கணிப்பின் முடிவை, பள்ளிகளுக்கு நிர்வாகம் தரும் தர மதிப்பீட்டிலேயே ஒரு பகுதியாகச் சேர்த்தார்கள். நியூயார்க் நகரமும் 2007-இல் தன் பெரிய கணிப்பைத் தொடங்கியபோது ஏ முதல் எஃப் வரையிலான பள்ளித் தரத்தோடு அதைக் கட்டிப்போட்டது. 2014-இல் அங்கே எழுத்துத் தரத்தையே கைவிட்டார்கள். சிகாகோவும் 2023-இல் பழைய தர மதிப்பீட்டு முறையை விலக்கிவைத்தது. பள்ளிக்குக் கெட்ட பெயர் வந்தால் பள்ளியையே மூடிவிடுவார்களோ என்ற பயம் உள்ள ஊரில், ‘தலைமை ஆசிரியரை நம்புகிறீர்களா’ என்ற கேள்விக்கு ஓர் ஆசிரியர் எப்படி உண்மையான பதில் தருவார்? கேள்வி அதேதான், ஆனால் அது நலம் விசாரிப்பதாக இல்லாமல் விசாரணையாக மாறிவிடுகிறது.

மூடுவார்களோ என்ற பயம் வெறும் பேச்சு இல்லை.

50 பள்ளிகள்

2013 மே மாதம் சிகாகோ கல்வி வாரியம் ஒரே கூட்டத்தில் 49 தொடக்கப் பள்ளிகளையும் ஓர் உயர்நிலைப் பள்ளித் திட்டத்தையும் மூட வாக்களித்தது. மாணவர் குறைந்துவிட்டார்கள், பணம் இல்லை, கட்டடம் பாதி காலி என்பது நிர்வாகத்தின் வாதம். பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தெற்கு, மேற்குப் பகுதிகளின் கறுப்பினப் பிள்ளைகள். கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடக்காமல் இல்லை. அம்மாக்களும் பாட்டிகளும் இரவு வெகுநேரம் ஒலிபெருக்கி முன் நின்று, வேறு கும்பலின் தெருவைத் தாண்டிப் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று கேட்டார்கள். நிர்வாகம் அதற்குத் தந்த விடை, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் மேலங்கி போட்ட பணியாளர்களைத் தெருமுனைகளில் நிறுத்துவது. மூடும் முடிவு பெரும்பாலும் மாறவில்லை. ஆண்டுதோறும் எல்லோரிடமும் கருத்துக் கேட்கிற அதே நிர்வாகம்தான் இதையும் செய்தது.

2015-இல் வந்த ஆய்வு ஒரு முக்கியமான விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. இடம் மாறிய மாணவர்களில் 93 சதவீதம் பேர் பழையதைவிட உயர்ந்த தரமுள்ள பள்ளிக்குப் போனார்கள். ஆனால் நகரின் முதல் தரப் பள்ளிகளில் சேர்ந்தவர்கள் 21 சதவீதம்தான். ஏன் என்று பெற்றோரிடம் கேட்டபோது, பக்கத்தில் இருக்க வேண்டும், போய்வரும் வழி பத்திரமாக இருக்க வேண்டும் என்றார்கள். நல்ல பள்ளி என்றால் என்ன என்பதற்கும் அவர்களிடம் வேறு அளவுகோல் இருந்தது: வகுப்பில் கூட்டம் குறைவு, மாலை நேர வகுப்புகள், பிள்ளையைத் தனியாகக் கவனிக்கும் மனிதர்கள். நிர்வாகத்தின் புள்ளிப் பட்டியல் இவற்றில் பலதையும் கணக்கில் எடுக்கவே இல்லை. மூடுவதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால்? அந்தத் தாய்மார்கள் ஒலிபெருக்கி முன் சொன்னதும் இதைத்தானே.

அதே 2015-இல் தெற்குப் பகுதியில், மூடப்பட்ட டையட் உயர்நிலைப் பள்ளியைத் திறக்கச் சொல்லி பெற்றோரும் ஊர்க்காரர்களுமாகப் பன்னிரண்டு பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள். 34 நாள். படிவத்தில் எழுதியது, கூட்டத்தில் பேசியது எதுவும் காதில் விழாதபோது கடைசியில் வயிற்றைக் காயப்போட்டார்கள். 2016-இல் அந்தப் பள்ளி கலைகளுக்கான உயர்நிலைப் பள்ளியாகத் திறந்தது. அதுவரை முழுக்க மேயரே நியமித்துவந்த கல்வி வாரியத்துக்கு 2024 நவம்பரில் முதல்முறையாகத் தேர்தல் நடந்தது. 21 பேரில் 10 பேரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

என் வகுப்பில்

இதையெல்லாம் படித்துவிட்டு அந்தப் பாதுகாப்புக் கேள்வியை மட்டும் தமிழில் எழுதி எட்டாம் வகுப்பில் துண்டுச் சீட்டாகக் கொடுத்தேன். ஐந்து இடங்களை நம் பள்ளிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டேன்: வகுப்பறை, கழிப்பறை, சத்துணவுக் கூடம், சைக்கிள் ஸ்டாண்ட், பஸ் ஸ்டாப். பெயர் எழுத வேண்டாம், பயமாக இருக்கும் ஒரு இடத்தை டிக் செய்து காரணம் எழுதினால் போதும் என்றேன்.

கழிப்பறை அதிகம் வரும் என்று நினைத்தேன். வந்தது சைக்கிள் ஸ்டாண்ட். சாயங்காலம் பெரிய பையன்கள் அங்கே நின்று டயரில் காற்றைப் பிடுங்குகிறார்கள், பெண் பிள்ளைகள் சைக்கிளை எடுக்க வந்தால் வழியை மறிக்கிறார்கள். நான் தினமும் அதே நேரத்தில் அதே வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறேன்.

ஒரு சீட்டின் பின்பக்கம், ‘டீச்சர், இதை கிளாஸ்ல படிச்சுடாதீங்க’ என்று இருந்தது. பெயர் இல்லை. ஆனால் அந்த ‘ழ’வின் சுழியைப் பார்த்ததுமே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருடமாக நான் திருத்துகிற நோட்டு. சிகாகோவில் பதில்களை ஏன் பள்ளியின் கையில் கொடுக்காமல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெயர் கேட்காமல் விட்டால் போதாது. அடுத்த முறைக்குக் காரணம் எழுதும் இடத்தை எடுத்துவிட்டு டிக் மட்டும் வைத்தேன். பக்கத்து வகுப்பு ஆசிரியையை என் வகுப்பில் கொடுக்கச் சொன்னேன், அவர் வகுப்பில் நான் கொடுத்தேன்.

எச்.எம். சாரிடம் சீட்டுகளைக் காட்டாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். மறுநாளிலிருந்து பள்ளி விடும் நேரத்தில் ஸ்டாண்டில் ஓர் ஆசிரியர் நிற்பது என்று முடிவானது. அதை இறைவணக்கக் கூட்டத்தில் அறிவிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்: நீங்கள் சொன்னீர்கள், அதனால் இதைச் செய்கிறோம் என்று. எஸ்.எம்.சி. கூட்டத்தில் இதைச் சொன்னபோது, வழக்கமாக ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்கிற ஓர் அம்மா, பஸ் ஸ்டாப்பிலும் இதே கதைதான் என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு மறுபடியும் சீட்டு கொடுத்தோம். சைக்கிள் ஸ்டாண்ட் குறைந்திருந்தது, பஸ் ஸ்டாப் ஏறியிருந்தது. பள்ளி காம்பவுண்டுக்கு வெளியே அது யார் பொறுப்பு என்று அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும்.